சர்வர் மாற்றிய பின் தமிழ் எழுத்துகள் சிதைந்தன, கட்டுரைகள் திறக்கவில்லை: தரவுத்தளத்தை மாற்றலாமா?

வாசகர் கேள்வி, 2025 ஜூன் 14

வேர்ட்பிரஸில் இயங்கும் எங்கள் சிற்றிதழ் ஆவணத் தளத்தைப் பகிர்வு ஹோஸ்டிங்கிலிருந்து நாங்களே வாடகைக்கு எடுத்த சிறிய டெபியன் (லினக்ஸ் வகை) சர்வருக்கு மாற்றினேன். முகப்பு திறக்கிறது. தலைப்புகளில் தமிழ் இருந்த இடத்தில் தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளும் வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிகக் குறியும் வரிசையாக வருகின்றன. எந்தக் கட்டுரையைத் தொட்டாலும் 404, அதாவது பக்கம் இல்லை, என்கிறது. பக்கவாட்டில் இருந்த பட்டியல்களையும் காணவில்லை. தரவுத்தளம் முழுவதையும் யூடிஎஃப்8எம்பி4 என்ற யூனிகோடு எழுத்துத் தொகுதிக்கு மாற்றும் கட்டளையைக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். பழைய ஹோஸ்டிங் கணக்கு இம்மாத இறுதியில் முடிகிறது. கட்டளையைக் கொடுத்துவிடலாமா?

2025 ஜூன் 14, இரவு

கொடுக்க வேண்டாம். அந்தக் கட்டளை சில நிலைகளில் சரியானது, வேறு சில நிலைகளில் மீட்கக்கூடிய சிதைவை இரட்டிப்பாக்கிவிடும். உங்கள் தளம் எந்த நிலையில் இருக்கிறது என்பது திரையைப் பார்த்துத் தெரியாது. பழைய ஹோஸ்டிங் கணக்கை இன்னும் ஒரு மாதத்துக்கு நீட்டித்துவிட்டு, அங்கே எதையும் தொடாமல் வைத்திருங்கள். அந்தச் செலவுக்குத் தயங்க வேண்டாம். அசல் அங்கே இருக்கும் வரை இங்கே எது தவறினாலும் திரும்பத் தொடங்க முடியும்.

திரையில் தெரிவது உலாவி, வேர்ட்பிரஸை இயக்கும் பிஎச்பி, தரவுத்தள இணைப்பு, அட்டவணை ஆகிய நான்கும் எழுத்துகளை எப்படிப் புரிந்துகொண்டன என்பதன் கூட்டு விளைவு. உண்மை அட்டவணைக்குள் இருக்கும் பைட்டுகளில் மட்டுமே இருக்கிறது. அதைப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. "தமிழ்" என்ற சொல்லை மட்டும் தலைப்பாகவோ பிரிவின் பெயராகவோ கொண்ட ஒரு பதிவை எடுத்துக்கொண்டு, அதன்மேல் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல்-இன் லெங்த், சார்_லெங்த் ஆகிய இரண்டு சார்புகளையும் இயக்குங்கள். முதலாவது பைட்டுகளை எண்ணும், இரண்டாவது எழுத்துக் குறிகளை எண்ணும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று அந்தச் சொல்லில் ஐந்து யூனிகோடு குறிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட்டுகள் ஆகும்.

5 குறிகள், 15 பைட்டுகள் என்று வந்தால் தரவு நலமாக இருக்கிறது, இணைப்பின் அமைப்பில்தான் சிக்கல். 15 குறிகள், 15 பைட்டுகள் என்று வந்தால் சரியான தமிழ் பைட்டுகள் லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய எழுத்துத் தொகுதி) என்று பெயரிட்ட நெடுவரிசையில் கிடக்கின்றன. 2010-க்கு முன் தொடங்கிய பல தளங்களின் நிலை இதுதான், ஏனென்றால் மைஎஸ்கியூஎல்-இன் இயல்பு எழுத்துத் தொகுதி 8.0 பதிப்பு வரும்வரை லத்தீன்1-ஆகவே இருந்தது. 15 குறிகள், 30 பைட்டுகள் என்றால் யாரோ ஒருவர் அல்லது ஏதோ ஒரு கருவி அதை ஏற்கெனவே ஒருமுறை "மாற்றி"விட்டது. 5 குறிகள், 5 பைட்டுகள் என்றால் அங்கே இருப்பவை வெறும் கேள்விக்குறிகள். அந்த எழுத்துகள் போய்விட்டன, பேக்கப்பில் தேட வேண்டும்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட கட்டளையை இரண்டாம் நிலையில் கொடுத்தால் தளம் நேராக மூன்றாம் நிலைக்குப் போகும். இரண்டாம் நிலைக்கு உரிய வழி வேறு. தரவை லத்தீன்1 இணைப்பில், எழுத்துத் தொகுதி அறிவிப்பு இல்லாமல் டம்ப் (தரவுத்தளத்தின் நகல் கோப்பு) எடுத்து, அட்டவணை வரையறைகளில் உள்ள தொகுதியின் பெயரை மட்டும் மாற்றி, யூடிஎஃப்8எம்பி4 இணைப்பில் ஏற்ற வேண்டும். பைட்டுகள் அப்படியே இருக்கும், அவற்றின் மேலே ஒட்டிய பெயர்ச்சீட்டு மட்டும் மாறும்.

2025 ஜூன் 15, காலை

404 தனிச் சிக்கல், எழுத்துச் சிதைவோடு இதற்குத் தொடர்பில்லை. முகப்பு திறந்து உள்பக்கங்கள் மட்டும் திறக்காவிட்டால், உள்பக்க முகவரிகளை வேர்ட்பிரஸுக்குத் திருப்பும், புள்ளியில் தொடங்கும் எச்டிஅக்சஸ் கோப்பு மறைந்த கோப்பு என்பதால் நகலெடுக்கும்போது விடுபட்டிருக்கலாம். அல்லது வலைச் சர்வர் மென்பொருளான அப்பாச்சியில் அதைப் படிக்க அனுமதி இல்லாமல் இருக்கலாம். டெபியனில் வலைக் கோப்புறைக்கு அலவ்ஓவர்ரைடு என்ற அந்த அனுமதி இயல்பாகவே மறுக்கப்பட்டிருக்கும். முகவரிகளை மாற்றியமைக்கும் ரீரைட் கூறு இயக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்பாச்சிக்குப் பதில் எஞ்சின்எக்ஸ் என்றால் அந்தக் கோப்பையே அது படிக்காது, ட்ரை_ஃபைல்ஸ் வரியைத் தளத்தின் அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும்.

2025 ஜூன் 15, பிற்பகல்

தமிழ் முகவரிகளைப் பற்றி ஒன்று விடுபட்டது. தமிழ்த் தலைப்பிலிருந்து முகவரி உருவாகும்போது வேர்ட்பிரஸ் அதை விழுக்காட்டுக் குறியீடாக்கி, அதாவது ஒவ்வொரு பைட்டையும் % குறியும் இரண்டு இலக்கங்களுமாக எழுதி, சேமிக்கிறது. ஒரு குறிக்கு ஒன்பது இடங்கள் தேவைப்படும், நெடுவரிசையின் எல்லையோ 200 இடங்கள். ஆகவே 22 குறிகளுக்கு மேல் முகவரியில் இடம் இல்லை. "சங்க இலக்கியத்தில் நிலமும் பொழுதும்", "சங்க இலக்கியத்தில் நிலமும் நீரும்" என்று இரண்டு கட்டுரைகள் இருந்தால், இரண்டின் முகவரியும் "நிலமும்" என்ற சொல் முடிவதற்குள் நின்றுவிடும், இரண்டாவதன் முடிவில் 2 என்ற எண் ஒட்டிக்கொள்ளும். தரவுத்தளத்தை அப்படியே நகர்த்தும் வரை இதனால் தொல்லை இல்லை. கட்டுரைகளைப் புதிதாக உள்ளிட்டு முகவரிகளை மீண்டும் உருவாக்கினால், எது முதலில் நுழைகிறதோ அதற்கு எண்ணில்லாத முகவரி கிடைக்கும், பழைய இணைப்புகள் வேறொரு கட்டுரையைத் திறக்கும். 404 வந்தாலாவது வாசகருக்குப் பிழை தெரியும். இங்கே பிழை இருப்பதே தெரியாது.

பழைய முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பும் விதிகளை எழுதுவோருக்கு: எஞ்சின்எக்ஸும் அப்பாச்சியும் விழுக்காட்டுக் குறியீட்டை அவிழ்த்த பிறகே விதியோடு ஒப்பிடுகின்றன. உலாவியிலிருந்து நகலெடுத்த குறியீட்டு வடிவத்தை விதியில் ஒட்டினால் அது ஒருநாளும் பொருந்தாது. அமைப்புக் கோப்பை யூடிஎஃப்-8-இல் சேமித்து, தமிழ் எழுத்துகளையே நேராக எழுதுங்கள்.

2025 ஜூன் 16, இரவு

மூன்றாம் நிலையை, அதாவது 15 குறிகளும் 30 பைட்டுகளும் கொண்ட இரட்டைக் குறியேற்றத்தை மீட்கலாம் என்று சொல்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தமிழ்த் தளங்களுக்கு இது முதன்மையானது என்பதால் விரித்து எழுதுகிறேன்.

மைஎஸ்கியூஎல் லத்தீன்1 என்று அழைப்பது உண்மையில் விண்டோஸ்-1252 தொகுதி. அந்தத் தொகுதியில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து பைட்டுகளுக்கு எழுத்து எதுவும் வரையறுக்கப்படவில்லை. மைஎஸ்கியூஎல் அந்த ஐந்தையும் தன் போக்கில் கட்டுப்பாட்டுக் குறிகளாக ஏற்றுக்கொண்டு, திரும்பக் கேட்டால் அப்படியே தந்துவிடும். ஆகவே அதற்குள்ளேயே போய்வரும் வரை இழப்பு இல்லை. வெளியே உள்ள பல கருவிகள் அப்படி நடந்துகொள்வதில்லை. எழுத்தில்லாத பைட்டைக் கண்டால் கேள்விக்குறி இடும், அல்லது விழுங்கிவிடும்.

இப்போது தமிழைப் பாருங்கள். புள்ளியின் யூடிஎஃப்-8 வடிவம் 224, 175, 141. உகரக் குறி 224, 175, 129. ஏ என்பது 224, 174, 143. ஐ என்பது 224, 174, 144. தமிழில் மிக அதிகமாக வரும் இரண்டு குறிகளும் இரண்டு உயிரெழுத்துகளும் அந்த ஐந்து பைட்டுகளில் சரியாகப் போய் விழுகின்றன. டம்ப் கோப்பை ஒரு உரைத் தொகுப்பியில் திறந்து விண்டோஸ்-1252 என்று சேமித்தால் மற்ற எழுத்துகள் பிழைக்கும், இவை நான்கும் சிதையும். நான் பராமரிக்கும் நூலகத் தளம் ஒன்று என் கைக்கு வந்தபோது இந்த நிலையில்தான் இருந்தது. பக்கம் முழுவதும் தமிழ் தெரிந்தது, ஆனால் புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் கறுப்புச் சாய்சதுரம். ஐரோப்பிய மொழித் தளங்களுக்கு எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இந்தத் தொல்லை அநேகமாகப் பேசப்படுவதே இல்லை, ஏனென்றால் அந்த மொழிகளில் இந்தப் பைட்டுகள் அரிதாகவே வரும்.

இழப்பு நேர்ந்த பின்னும் ஓரளவு மீட்கலாம். 224, 175-க்குப் பின் கேள்விக்குறி இருந்தால் அது புள்ளி அல்லது உகரம், 224, 174-க்குப் பின் இருந்தால் ஏ அல்லது ஐ. ஓங்காரக் குறியும் முதல் வகையில் சேரும், அது அரிது. விழுந்தது புள்ளியா உகரமா என்று பிரிக்க இலக்கணமே உதவுகிறது. சொல்லின் இறுதியில் ம, ன, ள, ல, ர, ய வந்தால் பெரும்பாலும் புள்ளி. வல்லினம் வந்தால் உகரம், ஏனென்றால் தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. விதிவிலக்கு ஒற்று மிகும் இடம். அடுத்த சொல் அதே வல்லினத்தில் தொடங்கினால் "அதைக் கேட்டான்" என்பதில் போல அது புள்ளியாக இருக்கலாம், "அது துணி" என்பதில் போல உகரமாகவும் இருக்கலாம். இந்த வரிசையில் விதிகளை எழுதி ஓடவிட்டால் ஐயத்துக்கிடமான சொற்கள் கண்ணால் பார்த்துத் திருத்தும் அளவுக்குக் குறையும். சொல்லின் நடுவில் வருபவற்றுக்குச் சொற்பட்டியல் தேவை.

2025 ஜூன் 17

கேட்டவர் எண்களை அனுப்பியிருக்கிறார்: 15, 30. மூன்றாம் நிலை. டம்ப் கோப்பை எந்தத் தொகுப்பியிலும் திறக்கவில்லை என்கிறார், அது நல்ல செய்தி.

இதற்கு வழி: மதிப்பை லத்தீன்1-க்கு மாற்றி, அதை வெறும் பைட்டுகளாக எடுத்து, அந்தப் பைட்டுகளை யூடிஎஃப்8எம்பி4 என்று படிக்கச் சொல்ல வேண்டும். கன்வெர்ட், காஸ்ட் ஆகிய சார்புகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து ஒரே வரியில் எழுதலாம். எல்லா வரிசைகளுக்கும் ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள். சர்வர் மாறிய பிறகு எழுதப்பட்ட கருத்துரைகள் சரியான தமிழிலேயே சேமிக்கப்பட்டிருக்கும், அவற்றை லத்தீன்1-க்கு மாற்றினால் முழுவதும் கேள்விக்குறியாகும். லத்தீன்1-க்குப் போய்த் திரும்பியும் மாறாமல் இருக்கும் வரிசைகளை மட்டும் திருத்துவதாக நிபந்தனை வையுங்கள். அட்டவணையின் நகலில் முதலில் செய்து, அதே "தமிழ்" சோதனையில் 5, 15 வருகிறதா என்று பார்த்த பின் அசலில் செய்யுங்கள்.

பக்கவாட்டுப் பட்டியல்கள் காணாமல் போனதன் காரணமும் இதிலேயே இருக்கிறது. வேர்ட்பிரஸ் அவற்றின் அமைப்பைத் தொடராக்கிய வடிவில் சேமிக்கிறது. ஒவ்வொரு சரத்துக்கும் முன்னால் அதன் நீளம் பைட்டுகளில் எழுதப்பட்டிருக்கும். "தமிழ்" என்பதற்கு 15 என்று அங்கே இருக்கிறது, பிஎச்பி-யின் கைக்கு வருவதோ 30 பைட்டுகள். எண் பொருந்தாததால் முழுத் தொகுப்பையும் அது கைவிடுகிறது. எழுத்தைச் சரிசெய்தால் பட்டியல்கள் தாமாகத் திரும்பி வரும். அதற்குள் மேலாண்மைப் பக்கத்தில் போய்ப் புதிதாகச் சேமித்துவிடாதீர்கள், சேமித்தால் பழையது அழிந்துபோகும்.

எச்டிடிபி முகவரிகளை எச்டிடிபிஎஸ் ஆக்குவதற்கு டம்ப் கோப்பில் தேடி மாற்றுவதும் இதே வகைக் கேடு. ஓர் எழுத்து கூடினால் நீளம் தப்பிவிடும். வேர்ட்பிரஸின் கட்டளைவரிக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐ-யின் தேடி மாற்றும் கட்டளை அந்த எண்ணையும் சேர்த்தே திருத்துகிறது.

2025 ஜூன் 17, இரவு

வேறொருவர் கேட்டதற்கு: டம்ப் ஏற்றும்போது 0900_ஏஐ_சிஐ என்று முடியும் ஒப்பீட்டு முறையைத் தெரியாது என்று 1273 எண் பிழை வந்தால், டம்ப் மைஎஸ்கியூஎல் 8-இல் எடுக்கப்பட்டது, ஏற்றும் இடம் மைஎஸ்கியூஎல்-இலிருந்து பிரிந்த மரியாடிபி-யின் பழைய பதிப்பு. டெபியனின் களஞ்சியத்தில் இயல்பாகக் கிடைப்பது மரியாடிபிதான். டம்ப்பில் அந்தப் பெயரை யூனிகோடு_சிஐ முறைக்கு மாற்றினால் ஏறிவிடும். அந்த மாற்றத்தைத் தொகுப்பியில் செய்யாமல், பைட்டுகளைத் தொடாத லினக்ஸின் செட் (sed) கட்டளையால் செய்யுங்கள். காரணம் ஜூன் 16 குறிப்பில் இருக்கிறது.

2025 ஜூன் 19

எழுத்துகள் சரியாகிவிட்டன என்று கேட்டவர் தெரிவித்திருக்கிறார். மகிழ்ச்சி. இப்போது அவருக்குப் புதிய புகார் ஒன்று. வீட்டு இணைப்பில் புதிய தளம் தெரிகிறது, ஆசிரியர் குழுவினரின் கைபேசிகளில் பழைய சர்வரில் உள்ள தளமே தெரிகிறது. டிஎன்எஸ் (தளத்தின் பெயரைச் சர்வரின் முகவரியோடு இணைக்கும் பதிவு) பரவ நேரமாகும், காத்திருங்கள் என்று ஹோஸ்டிங் உதவிப் பிரிவில் சொல்லியிருக்கிறார்கள்.

காத்திருப்பதற்கு முன் நான்கு ஏ பதிவைப் பாருங்கள். ஐபிவி4 முகவரிக்கு ஏ பதிவு, ஐபிவி6 முகவரிக்கு நான்கு ஏ பதிவு. பலர் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். இந்தியாவில் ஜியோ போன்ற கைபேசி வலையமைப்புகளில் ஐபிவி6 பரவலாக இருக்கிறது, வீட்டு இணைப்புகள் பலவற்றில் இன்னும் ஐபிவி4 மட்டுமே. ஐபிவி6 இருக்கும் இடத்தில் உலாவி அதையே முதலில் நாடும். ஆகவே கைபேசியில் பழையது, வீட்டில் புதியது என்ற இந்தப் பிளவு எத்தனை நாள் காத்திருந்தாலும் தீராது. கைபேசியிலிருந்து எழுதப்பட்ட கருத்துரைகள் பழைய தரவுத்தளத்தில் சேர்ந்துகொண்டிருக்கும், அவற்றையும் எடுத்து வர வேண்டும்.

எச்டிடிபிஎஸ்-க்குத் தேவையான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் கிடைக்காமல் போவதற்கும் இதே பதிவு காரணமாகலாம். சரிபார்ப்பின்போது அவர்களும் ஐபிவி6 முகவரி இருந்தால் அதையே முதலில் அணுகுகிறார்கள். அது பழைய சர்வரைக் காட்டினால் சோதனைக் கோப்பு அங்கே இருக்காது. காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப முயன்றால் தோல்விகளுக்கான மணிநேர வரம்பு குறுக்கிடும். அவர்களுடைய சோதனைச் சூழலில் முயன்று பார்த்துவிட்டு உண்மைச் சான்றிதழைக் கேளுங்கள். சான்றிதழ் 90 நாள்களில் முடியும். முடியப்போகிறது என்று முன்பு வந்த நினைவூட்டல் மின்னஞ்சலை 2025 ஜூன் 4 முதல் அவர்கள் நிறுத்திவிட்டார்கள், எனவே தானாகப் புதுப்பிக்கும் பணி ஓடுகிறதா என்பதை நாம்தான் கண்காணிக்க வேண்டும்.

2025 ஜூன் 19, சற்றுப் பின்

டிடிஎல், அதாவது ஒரு டிஎன்எஸ் பதிவைப் பிறர் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற எண், பற்றி எழுத மறந்தவை இங்கே: மாற்றத்துக்கு முந்தைய நாளே அதை 300 வினாடிகளாகக் குறைக்க வேண்டும். மாற்றிய பிறகு குறைப்பதால் பயனில்லை, பழைய எண்ணை ஏற்கெனவே வாங்கிக்கொண்டவர்கள் அது தீரும்வரை திரும்பக் கேட்க மாட்டார்கள். நேம்சர்வரையே மாற்றுபவர்கள் மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ் பதிவுகளையும் எஸ்பிஎஃப் வரியையும் புதிய இடத்தில் முன்கூட்டியே எழுதி வையுங்கள். தளம் வந்துவிட்டதே என்ற நிம்மதியில் மின்னஞ்சல் நின்றுபோனதைப் பல நாள் கழித்துக் கவனித்த அமைப்புகளை அறிவேன்.

2025 ஜூன் 22

ஒரு ஜிபி நினைவகம் உள்ள சர்வரில் நள்ளிரவில் "தரவுத்தள இணைப்பை ஏற்படுத்துவதில் பிழை" என்று வருவதைப் பற்றி. கடவுச்சொல்லைச் சந்தேகிக்காதீர்கள், பகல் முழுவதும் ஓடிய கடவுச்சொல் இரவில் தவறாகிவிடாது. இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பதிவேட்டில் அவுட் ஆஃப் மெமரி என்று தேடுங்கள். தேடுபொறிகளின் தானியங்கி நிரல்கள் மொத்தமாக வரும்போது பிஎச்பி செயல்முறைகள் பெருகி நினைவகம் தீர்ந்துவிடும், அப்போது கெர்னல் அதிக நினைவகம் பிடித்திருக்கும் செயலியை நிறுத்தும். அது பெரும்பாலும் தரவுத்தளமாகவே இருக்கும். பிஎச்பி செயல்முறைகளை நிர்வகிக்கும் பிஎச்பி-எஃப்பிஎம்-இல் அவற்றின் உச்ச எண்ணிக்கையைக் குறைப்பதே உண்மையான மருந்து. நினைவகம் போதாதபோது வட்டைப் பயன்படுத்தும் ஸ்வாப் கோப்பு துணைக்கு இருக்கட்டும்.

நினைவகம் போதுமானதாக இருந்தும் தரவுத்தளம் எழவில்லை என்றால் வட்டின் இடத்தைப் பாருங்கள். மைஎஸ்கியூஎல் 8 தன் பைனரி பதிவேட்டை (தரவில் நேர்ந்த மாற்றங்களின் பதிவு) இயல்பாகவே 30 நாள்களுக்கு வைத்திருக்கும். சிறிய வட்டு அதற்குத் தாங்காது.

2025 ஜூன் 24

சில படங்கள் மட்டும் வரவில்லை, கோப்பு கோப்புறையில் கண்ணெதிரே இருக்கிறது, ஆனாலும் 404 என்று கேட்டவர் எழுதியிருக்கிறார். வராத கோப்புகளின் பெயர்களை வாங்கிப் பார்த்தேன்: "பொன்னி", "கோயில்", "தொகுப்பு". வருபவை: "அட்டை", "மலர்", "விழா".

ஒகர, ஓகாரக் குறிகள் உள்ளவை மட்டும் விழுகின்றன. யூனிகோடில் "பொ" என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் எழுதலாம். ஔகாரக் குறிக்கும் இப்படியே. தரமுறைப்படி இரண்டும் சமம், திரையிலும் வேறுபாடு தெரியாது. லினக்ஸின் கோப்பு முறைமைக்கு அவை வெவ்வேறு பைட்டுகள், ஆகவே வெவ்வேறு கோப்புகள். மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை பெயர்களைப் பிரித்த வடிவத்திலேயே சேமித்தது. படங்களை ஒரு பழைய மேக்கில் இறக்கி அங்கிருந்து புதிய சர்வருக்கு ஏற்றினீர்களா என்று கேட்டேன், ஆம் என்றார். கான்வ்எம்வி என்ற கருவி கோப்புப் பெயர்களை இணைந்த வடிவத்துக்கு மொத்தமாக மாற்றும். முதலில் மாற்றாமல் பட்டியலை மட்டும் காட்டும், அதைப் படித்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள்.

2025 ஜூன் 24, இரவு

தமிழ் மூன்று பைட்டுகளில் அடங்குகிறதே, பழைய யூடிஎஃப்8 போதாதா, நான்கு பைட்டுக்கு என்ன தேவை என்று ஒருவர் கேட்கிறார். அன்றாட எழுத்துக்குப் போதும். வாசகர் ஒருவர் கருத்துரையில் ஒரு எமோஜி இட்டால் அந்த இடத்தோடு கருத்துரை வெட்டுப்படலாம், அல்லது பிழையாகி நிற்கலாம். அதைவிட ஆவணத் தளங்களுக்கு முதன்மையான காரணம் வேறு. மா, காணி, முந்திரி போன்ற பழைய பின்னக் குறிகள் 2019-இல் யூனிகோடு 12-இல் தனித் தொகுதியாகச் சேர்க்கப்பட்டன, அவை நான்கு பைட்டுகள். நில ஆவணங்களையும் பழைய கணக்கேடுகளையும் பதிப்பிப்பவர்கள் யூடிஎஃப்8எம்பி4 இல்லாமல் அவற்றைச் சேமிக்கவே முடியாது.

2025 ஜூன் 29

ஒரு பகுதி எஞ்சியிருக்கிறது. 2011 வாக்கில் பழைய ஹோஸ்டிங்கிலேயே ஏதோ ஒரு நகர்த்தலின்போது சில கட்டுரைகள் முழுக் கேள்விக்குறிகளாகியிருக்கின்றன, 5-க்கு 5 என்ற நான்காம் நிலை. தரவுத்தளத்தில் தேடுவதற்கு எதுவும் இல்லை. இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்த முகவரிகளைக் கொடுத்து, கேள்விக்குறியாவதற்கு முந்தைய நாளின் பிரதி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். பெரும்பாலானவை இருக்கின்றன. பிரதியின் முகவரியில் நாள் எண்ணுக்குப் பின் ஐடி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அடிக்கோட்டையும் சேர்த்தால், அவர்களுடைய மேற்பட்டை இல்லாமல் அன்று சேமித்த மூலம் அப்படியே கிடைக்கும், அதிலிருந்து கட்டுரையை வெட்டி எடுப்பது எளிது. அங்கும் இல்லாதவற்றை அச்சிதழ்களைப் பார்த்துத் தட்டச்சு செய்ய முன்வந்திருக்கிறார்கள். அவற்றைச் சேர்க்கும்போது புதிய பதிவாகத் தொடங்காமல், கேள்விக்குறிகள் கிடக்கும் பழைய பதிவையே திறந்து நிரப்புங்கள். அந்தக் கட்டுரைக்கு வெளியிலிருந்து வரும் இணைப்புகளெல்லாம் அந்தப் பதிவின் முகவரியையும் எண்ணையும் நம்பியே இருக்கின்றன.